கறுப்புப் பந்து

"நேத்து பிரேசில்காரனைத் தோக்கடிச்சேன்க்கா. இன்னைக்குத் துருக்கிக்காரன்."

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். சொன்னவள் இளையவள். அவள் போனில் பில்லியர்ட்ஸ் மேசை விரிந்திருந்தது.

"துருக்கிக்காரன் எங்கன இருக்கான்?" என்றாள் மூத்தவள்.

"அவன் ஊர்லதான். போன்லயே ரெண்டு பேரும் ஆடுறோம். இந்தக் கறுப்புப் பந்தைக் குழியில போட்டா நான் ஜெயிச்சேன்."

"வெரசாப் போடுடி. கம்பெனி கேட்டுல போனை வாங்கி வச்சிருவாக."

"பஸ்ஸு இந்தக் குலுக்கு குலுக்குது, விரலு நிக்க மாட்டேங்குதே!"

"ஏட்டி, உன் பேருக்குப் பக்கத்துல என்னது, நம்ம கொடியா?"

"ஆமாக்கா. அவன் பக்கத்துல அவன் நாட்டுக் கொடி."

அதுவரை சலித்துக்கொண்டிருந்த மூத்தவள் எழுந்தே விட்டாள்.

"டிரைவரண்ணே, பிரேக்கை மெதுவாப் போடுங்க! இங்கன இந்தியா ஆடுது!"

நாரணாபுரத்தில் பஸ் அலுங்காமல் நின்றது. போனுக்குள் கைதட்டல் கேட்டது. அவர்கள் இறங்கும்போது டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இந்தியா ஜெயிச்சிருச்சாக்கா?"

தானே பந்தை அடித்தவள் மாதிரி மூத்தவள் சேலையை உதறிச் செருகினாள்.

"பின்னே? சிவகாசிக்காரின்னா சும்மாவா?"