மைக்கில் ஒன்று, குசினியில் ஒன்று

வேலணையில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். பஸ் புறப்படுவதற்குள் ஒருத்தி தொடங்கிவிட்டாள்.

“முதல் மட்ச் தோத்ததுக்கு நடுவர் காரணமாம். பிறகு தோத்ததுக்குக் காத்து. இந்த முறை கோல் காத்த என்ர தம்பியாம்!”

“ஆர் சொன்னது? உம்மட மனுசனோ?”

“ஓம். பெரிய பயிற்சியாளர்! மட்ச் முடிய மைக்கைக் குடுத்தாங்கள். ‘எங்கட கோல் கீப்பர் நித்திரை’ எண்டு சொல்லிப்போட்டார். லைவிலை பாத்திட்டுக் கனடாவிலையிருந்து சித்தி அழுதுகொண்டு போன் எடுத்தவ.”

“காத்தெண்டால், இடைவேளைக்குப் பிறகு ரெண்டு பக்கமும் மாறினதுதானே?”

“அதைத்தான் நானும் அப்ப கேட்டனான்!”

“இப்ப என்ன சொல்றார்?”

“வீட்டை வந்து, நான் சமைக்கேக்கை குசினிக்குள்ள மெல்லமாச் சொல்றார், காய்ச்சலோட கிடந்த பெடியனை இறக்கினது தன்ர பிழையாம். உதை மைக்கிலை சொல்லுங்கோவன் எண்டன். ஏலாதாம்!”

“பிறகு?”

“குசினியைப் பூட்டிப்போட்டுத் தம்பி வீட்டை போறன். திறப்பு என்ர கையிலை. அடுத்த மட்சிலை மைக்கைப் பிடிச்சுச் சொல்லட்டும், திறந்துவிடுறன்.”

“அடுத்த மட்ச் எப்ப?”

“வாற மாசம்.”