மாமா கையால் தண்ணீர்

எனக்குச் சமைக்க வராது, சார். ஒழுங்காகச் செய்யத் தெரிந்த ஒரே பண்டம் வெந்நீர். அதையும் சில சமயம் தீய விட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் கையால்தான் தண்ணீர் குடிப்பேன் என்றாள் என் அக்கா மகள்.

நான் கல்லூரி விடுதிக் காப்பாளர். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் வாத்து. என் நடையைப் பார்த்து வைத்தது. குறை சொல்ல முடியாது. அக்கா இறந்த பிறகு அவள் மகளை வளர்த்தவன் நான். அதே கல்லூரியில் கடைசி வருடம் படித்தாள்.

விடுதித் தண்ணீரில் புழு நெளிகிறது என்று மைதானத்தில் பேசிய ஒரு மாணவனை முதல்வர் நீக்கினார். இனி அனுமதியில்லாமல் வளாகத்துக்குள் யாரும் கூட்டத்தில் பேசக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். இரண்டையும் திரும்பப் பெறும்வரை சாப்பிட மாட்டேன் என்று இவள் வாசலில் உட்கார்ந்தாள். உப்புத் தண்ணீர் மட்டும்.

முன்பு ஓர் உண்ணாவிரதத்தில் நிர்வாகமே தண்ணீரில் குளுக்கோஸைக் கலந்துவிட்டு, திருட்டு விரதம் என்று ஊரெல்லாம் சிரித்ததாம். அதிலிருந்து அங்கே ஒரு வழக்கம். விரதம் இருப்பவர் ஒரே ஓர் ஆளைச் சொல்வார்; அவர் கொண்டு வருவதைத்தான் குடிப்பார்.

“வாத்து நிர்வாகத்து ஆளுடி,” என்றாள் அவள் தோழி, என் காது படவே.

“என் மாமாடி. குளுக்கோஸுக்கும் கோலப்பொடிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. பயப்படாதே.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நாள் போகப் போக அவள் கன்னம் ஒட்டியது. எழுந்தால் கால் தள்ளாடியது.

“ஒரு வாய் சாப்பிடும்மா. உங்கம்மா கேட்டா நான் என்ன சொல்வேன்?”

“பேசிக்கிட்டிருக்கேன்னு சொல்லுங்க மாமா.”

முதல்வர் அறையில் போய் அழுதேன். அவர் கைக்குட்டை கொடுத்தார். “மயங்கி விழுந்தா ஆம்புலன்ஸ்ல ஏத்திடலாம். டிரிப்ஸ் போடுவாங்க, பிழைச்சுப்பா. விழணுமே,” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. தூக்க மாத்திரை என் யோசனை, நான் போட்டுக்கொள்வதுதான்.

அவள் தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்தேன். கம்மிய குரலில் பேசிக்கொண்டேயிருந்தாள். மறுநாள் மதியம் கூடுதலாகக் கலந்தேன்.

“கசக்குது மாமா.”

“பட்டினி கிடக்கிற வாய் அப்படித்தான் இருக்கும்.”

என் மனம் நோகக் கூடாதென்று முழுவதும் குடித்தாள். சற்று நேரத்தில் என் மடியில் சரிந்தாள். நினைத்தபடியே நடந்தது. வாசலில் நின்ற ஆம்புலன்ஸிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார்.

“தள்ளுங்க சார். ரத்தம் எடுத்துப் பாக்கணும்.”

ரத்தத்தை நான் யோசிக்கவே இல்லை. வாத்து மூளை.

“தூங்குறாப்பா. பாவம், எழுப்பாதீங்க,” என்றேன்.

அவளைக் கட்டாயமாகத் தூக்கிப் போகப் பார்க்கிறார்கள் என்று தோழிகளுக்கும் பயம். மாமாவே சொல்லும்போது வேறு யாரைக் கேட்பது? கைகோத்து நின்று, வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். நான் கோஷம் எழுதிய அட்டையால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒரு முறை உதடு அசைந்தது. அவள் முகத்தை என் சட்டைப் பக்கமாகத் திருப்பிவைத்தேன். மூச்சு நிற்கும்வரை விசிறினேன்.

உயிரைக் காப்பாற்றத்தானே கலந்தாய், வந்த வண்டியை ஏன் போகவிட்டாய் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பிழைத்திருந்தால் கண் திறப்பாள், சார். திறந்தால் பேசுவாள்.