கேசட்டில் சிரித்தவள்

பழைய பொருள்களைத் தூக்கியெறிகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் வாங்கிய வீடியோ கேமரா, கேசட் போடுகிற வகை, அலமாரியில் சும்மா கிடந்தது. பொருத்தமான ஒயரைத் தேடிப்பிடித்துக் கம்ப்யூட்டரில் சொருகினேன். அதுவே வெப்கேம் ஆயிற்று. இப்போது கடையில் விற்பதெல்லாம் அதன் கால்தூசிக்குப் பெறாது.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வேறு ஊரில் இருக்கும் அவள் தம்பி ஞாயிறுதோறும் அக்காவைப் பார்க்க வேண்டும் என்றான். முதல் தடவை நானே தலைவாரிவிட்டுத் தலையணை வைத்து உட்காரவைத்தேன். அவன் பேசப் பேசச் சிரித்தாள், தலையாட்டினாள். ஆசைக்கு அதைக் கேசட்டிலும் பதிந்துகொண்டேன். அப்போது என் மனத்தில் கள்ளம் எதுவும் இல்லை, ஐயா.

அன்று சாயங்காலம் அவள் குழறிக் குழறிச் சொன்னாள்: "என்னத் தம்பிகிட்ட அனுப்பிடுங்க."

கட்டியவன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது தம்பி வீடா? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் கை ஓங்கவில்லை.

அந்தக் கேமராவில் ஒரு வசதி உண்டு. படமெடுக்கும் நிலையிலிருந்து, எடுத்ததைப் போட்டுப் பார்க்கும் நிலைக்குத் திருப்பினால், கேசட்டில் ஓடுவது ஒயர் வழியாக அப்படியே போகும். எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அடுத்த ஞாயிறிலிருந்து மைத்துனன் கேசட்டோடுதான் பேசினான். பழைய கேமரா, சத்தம் போய்விட்டது என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டேன். "பரவால்ல மாமா, முகத்தப் பாத்தாப் போதும்" என்றான். வெள்ளை மனசு அவனுக்கு.

அவளை நான் வேறு அறையில் அடைக்கவில்லை. தம்பி முகம் தெரியட்டும் என்று கட்டிலைத் திரைப்பக்கம் திருப்பிப் போட்டேன். அவன் பேசுவதைக் கேட்டாள். கேசட்டில் இருந்தவள் அதற்குத் தலையாட்டுவதையும் பார்த்தாள். முதலில் கத்தினாள். பிறகு விட்டுவிட்டாள். சமாதானமாகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

முதுகில் புண் வந்தது. டாக்டரைக் கூப்பிட்டால் ஆஸ்பத்திரி என்பார், ஆஸ்பத்திரி என்றால் மைத்துனன் வருவான், வந்தால் கூட்டிப்போய்விடுவான். கூப்பிடவில்லை. புண் எலும்புவரை போனது. துணி மாற்றியதெல்லாம் நான்தான். சம்பளத்துக்கு வருகிறவர்கள் இப்படி முகம் சுளிக்காமல் செய்வார்களா?

ஒரு காலையில் மாமனார் இறந்துபோனார். அக்காவிடம் தானே சொல்ல வேண்டும் என்று, என்னிடம் விஷயத்தைச் சொல்லாமலே மைத்துனன் அழைத்தான். வழக்கம்போல் கேசட்டை ஓடவிட்டேன்.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா" என்று அழுதான். கேசட்டில் அவள் சிரித்துத் தலையாட்டினாள். அவன் அழுகை நின்றுவிட்டது. "அக்கா?" என்றான். அவள் மறுபடியும் சிரித்தாள்.

முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உற்றுப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில், "மாமா, அந்தப் படத்த நிறுத்துங்க. நான் வர்றேன்" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் கிடந்தவளுக்குக் கண்ணீர் காதுவரை வழிந்திருந்தது. ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை மாதம் துணி மாற்றிய எனக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. அவள் தலைக்கடியில் இருந்த தலையணையை எடுத்து முகத்தில் வைத்து, சிரிப்பு அடங்கும்வரை அழுத்தினேன்.

மறுநாள் அவன் வண்டியோடு வந்து அக்காவை எடுத்துக்கொண்டு போனான். நான் தடுக்கவில்லை, ஐயா. அவள் ஆசைப்பட்டது அதைத்தானே.