வடக்குத் தூணில் நின்ற சாத்தையா

ரொம்ப ரொம்ப முந்தி, சீமைக்குப் போகணும்னா கப்பலைத் தவிர வேற வழியில்லாத காலத்துல, அமெரிக்கா தேசத்து நட்டநடுவுல வில்லோ பெண்ட்னு ஒரு ஊரு இருந்துச்சாம். மலை கெடையாது. பாறை கெடையாது. காத்துக்கு ஒதுங்க ஒரு பனை கெடையாது. வானம் போய்த் தரையைத் தொடுற வரைக்கும் புல்லு. அந்தப் புல்லுக்கு நடுவுல ஒரு பல்கலைக்கழகம். அதுல ஒரு பந்தாட்டக் குழு. அந்தக் குழுவுக்கு ஒரு கெடா. அந்தக் கெடாவைக் கயித்துல பிடிச்சுக்கிட்டு நின்னவரு நம்ம சாத்தையா.

ஆமா, நம்ம சாத்தையாதான். திருப்பத்தூருக்குக் கிழக்க ஊரூரா ஆட்டுக்கிடை போட்டுத் திரிஞ்ச, மந்தைக்குத் தலைவரான வெள்ளைக்கண்ணு கீதாரியோட மகன். எங்க பாட்டனாருக்கு மூத்தவரு. இந்தக் கதையில பாதி நம்ம ஆளுக சொன்னது. மிச்சப் பாதி நான் அந்த ஊர்ல இருந்த வருசங்கள்ல அங்கத்து ஆளுக சொல்லிக் கேட்டது. ரெண்டு பாதியும் ஒண்ணையொண்ணு பார்த்தது இல்ல. நான்தான் பக்கத்துல பக்கத்துல உக்கார வைக்கிறேன்.

மொதல்ல நம்ம பாதி.

ஆட்டை மேய்க்கிறவனுக்குக் கம்பு பெருசு இல்ல, விளிதான் பெருசு. ஓஓஓவேஏஏய்னு அடித்தொண்டையில எடுத்து உச்சியில விடுற அந்தச் சத்தம். அதுல வார்த்தை கெடையாது. அது கேட்டா மந்தை வரும், அவ்வளவுதான். சாத்தையாவுக்கு மீசை அரும்புற வயசுல ஒரு மழைநாளு. கண்மாய்க் கரையில நின்னு விளிச்சாராம். ஆடு வர்றதுக்கு நேரமாகுதேன்னு அவரே விளிச்சுக்கிட்டு எதுத்தாப்புல ஓடினாராம். சத்தம் நகந்ததுல மந்தை தெசை கொழம்பி, வெள்ளம் ஓடுற வாய்க்கால்ல விழுந்துபோச்சு. பாதிக்கு மேல போச்சு. கீதாரி அடிக்கலையாம். திட்டலையாம். செத்த ஆட்டையெல்லாம் கரையேத்திப் போட்டுட்டுச் சொன்னாராம்: "விளிக்கிறவன் காலு வேர் விடணும்டா. நீ நகந்தா, சத்தம் நகந்துரும். சத்தம் நகந்தா, நம்பி வர்றது எங்கடா போகும்?"

அப்புறம் பாதிரியார் பள்ளிக்கூடத்துல படிச்சு, அந்தப் பாதிரியாரே கப்பலேத்திவிட்டு, கால்நடைப் படிப்பு படிக்க அவ்வளவு தூரம் போனாரு. அங்க பல்கலைக்கழகத்து ஆட்டுக்கொட்டகையில வேலை, கொட்டகைப் பரண்லயே படுக்கை. கொட்டகைக்குப் பெரியவரு நீல்சன்னு ஒரு கிழவரு. பரண்ல இன்னொரு பையன் ஹாங்க். நல்லா வாட்டசாட்டமான ஆளு, பந்தாட்டக் குழுவுக்கு அவன்தான் கேப்டன்.

அந்த ஆட்டத்துக்கு அவங்க வச்ச பேரு கால்பந்து. அது என்ன ஆட்டம்னா, மஞ்சுவிரட்டையும் சடுகுடுவையும் ஒரே எலையில பரிமாறின மாதிரி. ஒருத்தன் பந்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடுவான். மத்தவன் பூராம் அவன் மேல விழுந்து அமுக்குவான். எந்திரிப்பாங்க. திரும்ப ஓடுவான். திரும்ப அமுக்குவாங்க.

இதைச் சொன்னப்ப எங்க அழகுநாச்சி மதினி கேட்டுச்சு. "ஏங்க கொழுந்தனாரே, காலால ஒதைக்கவே மாட்டாங்களா?"

"எப்பயாச்சும் ஒதைப்பாங்க மதினி."

"பெறகு எதுக்குக் கால்பந்துன்னு பேரு?"

"அதை அவங்களும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க."

குழுவுக்குக் கெடாதான் சின்னம். அந்தக் கெடாவுக்குப் பேரு கவர்னர். ஆட்டம் தொடங்கும் முன்னாடி கவர்னரை மைதானத்தைச் சுத்திக் கூட்டிட்டு வரணும். அது சாத்தையா வேலை. மொத நாளு கொட்டகை வாசல்ல நின்னு அவரு விளிச்சப்ப ஹாங்க் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சானாம். "டேய், யாரையாச்சும் கொலை பண்றாங்களா?" பெறகு புல்வெளியில அங்கங்க நின்ன செம்மறி அம்புட்டும் தலையைத் தூக்கி வந்துச்சாம். சிரிப்பு நின்னுபோச்சாம். அதுலருந்து ஹாங்குக்கு அது ஒரு பைத்தியம். வகுப்புக்குப் போறப்ப, வர்றப்ப, சாப்பாட்டுக் கூடத்துல, எங்க சாத்தையாவைக் கண்டாலும் ஓஓஓவேஏய்னு கத்துவான். கேவலமாக் கத்துவானாம். சாத்தையாவைச் "சாட்" "சாட்"னு கூப்பிடுவான். சாத்தையா வைக்கிற மிளகுச் சாறைக் குடிச்சுட்டுக் கண்ணுல தண்ணி ஓட, "இன்னும் ஊத்துடா"ம்பான். அப்படி ஒரு சிநேகிதம்.

இப்ப அந்த ஊருப் பாதிக்கு வாங்க.

வருசத்தோட கடைசி ஆட்டம். பக்கத்து ஊருக் கல்லூரிக்கும் இவங்களுக்கும் பரம்பரைப் பகை. மைதானம் ஊருக்கு வெளிய, மேட்டுப் புல்வெளியில. மரப்பலகை அடிச்ச பெஞ்சுகதான் சுத்தி. வடக்க ஒரு கூப்பிடு தூரத்துல ஆட்டுக்கொட்டகை. வேற கட்டடம் கண்ணுக்கெட்டின வரைக்கும் இல்ல. அன்னைக்குக் காலையில வெயிலாம். குளிர்காலத்துல அப்படி ஒரு வெயிலை அந்த ஊரு பார்த்ததே இல்லயாம். சனம் குளிருக்குப் போடுற கோட்டை வீட்டுல விட்டுட்டு வெறும் சட்டையோட வந்து உக்காந்துச்சு.

பாதி ஆட்டம் முடிஞ்சப்ப கவர்னர் மொரண்டு பண்ணிச்சாம். வடக்க முதுகைக் காட்டி நிக்குது, இழுத்தா வரமாட்டேங்குது.

"உன் கவர்னருக்கு எங்க ஆட்டம் பிடிக்கலை போல"ன்னான் ஹாங்க்.

"நீங்க ஆடுற லட்சணத்துக்கு எனக்கே பிடிக்கலை"ன்னாரு சாத்தையா.

அவருக்கும் ஒண்ணும் தெரியாது, பாருங்க. பனியைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? கெடாவுக்கு வயித்துவலின்னு நெனைச்சு, கொட்டகைக்கு ஓட்டிட்டுப் போய்க் கட்டினாரு. கட்டிட்டுத் திரும்புறாரு. வடக்க வானம் கறுத்திருக்கு. கறுப்புக்கு அடியில வெள்ளை. மேகமும் இல்ல, மழையும் இல்ல, சுவரு. வானத்துலருந்து தரை வரைக்கும் ஒரு வெள்ளைச் சுவரு நடந்து வருதாம். கெடா வடக்க முதுகைக் காட்டினது இதுக்குத்தான்.

வந்துச்சு. பனிப்புயலு கொட்டகையை மூடிச்சு. மைதானத்தை மூடிச்சு. அவ்வளவுதான். ஒலகம் இல்ல.

மைதானத்துல இருந்தவங்க சொன்னாங்களாம்: நீட்டின கை தெரியலை. பக்கத்துல நின்னவன் தெரியலை. மூச்சை இழுத்தா மூக்குக்குள்ள ஊசி. சட்டையோட வந்த சனம். வேர்வையில நனைஞ்ச ஆட்டக்காரங்க. ஊருக்குள்ள கோயில் மணியை அடிச்சாங்க. ஊரு தெக்க இருக்கு, காத்து வடக்கருந்து அடிக்குது. மணிச் சத்தத்தைக் காத்து பின்னாலயே அள்ளிட்டுப் போயிருச்சு. நீல்சன் லாந்தரை ஏத்தி வாசல்ல தூக்கிப் பிடிச்சாரு. லாந்தரைப் பிடிச்ச கையே அவருக்குத் தெரியலை.

"அம்புட்டுப் பேரும் செத்தாங்கடா"ன்னாராம் நீல்சன்.

சாத்தையா வேலியைத் தடவிக்கிட்டே நடந்தாரு. பட்டி வேலியோட கடைசித் தூணு வரைக்கும் போனாரு. அதுக்கு அங்கிட்டு ஒண்ணுமே கெடையாது. தூணைக் கையால பிடிச்சாரு. மைதானம் இருக்கிற தெசையைப் பார்த்து நின்னாரு. அடித்தொண்டையிலருந்து எடுத்தாரு.

ஓஓஓவேஏஏஏய்…

காத்து அதை வாங்கிக்கிருச்சு. மணியை அள்ளிட்டுப் போன அதே காத்து, இதை மட்டும் மைதானத்துக்குக் கொண்டுபோயிக் குடுத்துச்சாம்.

அங்க ஒருத்தன் காதுல விழுந்துச்சு. ஹாங்க் காதுல. மத்தவங்களுக்கு அது ஓநாயோ பேயோ. ஒரு பொம்பளை காதைப் பொத்திக்கிட்டாளாம். ஹாங்க் கத்தினானாம்: "அது சாட்! எங்க சாட்! கொட்டகையில நிக்கிறான்! கையைக் கோத்துக்கங்க, அந்தச் சத்தத்துக்கு நடங்க!"

வந்தாங்க. கைகோத்து வந்தாங்க, தவழ்ந்து வந்தாங்க. தூணுக்கு வந்தவங்களை நீல்சன் வேலியோரமா இழுத்துக்கிட்டுப் போயி கொட்டகைக்குள்ள ஆட்டுக்கு நடுவுல தள்ளிட்டு, திரும்ப வருவாரு. சாத்தையா விளிச்சாரு. வந்தாங்க. விளிச்சாரு. வந்தாங்க.

அப்பத்தான் கேட்டுச்சு. வெள்ளைக்குள்ளருந்து, ரொம்பக் கிட்டத்துலருந்து ஹாங்க் குரலு.

"சாட்!… சாட்!…"

சாத்தையா ஒரு காலைத் தூக்கிட்டாரு. தெசை தெரியாமத் தவிக்கிறான், பத்தடி போனா கையைப் பிடிச்சுறலாம். ஆனா இன்னும் வெள்ளைக்குள்ள எத்தனை பேரு இந்தச் சத்தத்தை நம்பி நடக்குறாங்களோ. இவரு நகந்தா?

"சாட்!"

கண்ணுல வந்த தண்ணி கன்னத்துலயே ஒறஞ்சுபோச்சாம். நீல்சன் வந்தப்பச் சொன்னாராம்: "ஐயா, கவர்னர் கயித்தைக் கொண்டாங்க. என்னையத் தூணோட கட்டுங்க."

"என்னடா சொல்ற? பைத்தியமா ஒனக்கு?"

"கட்டுங்க ஐயா. கட்டலைன்னா நான் போயிருவேன்."

நீல்சன் கட்டினாரு. கெடாவைக் கட்டுற கயித்தால மனுசனைக் கட்டினாரு. கட்டினபடியே விளிச்சாரு சாத்தையா. ஹாங்க் கூப்பிடக் கூப்பிட, இவரு விளிக்க விளிக்க, வெள்ளைக்குள்ளருந்து ஆளுக வந்துக்கிட்டே இருந்தாங்க.

எதிர்க் குழுக்காரன் ஒருத்தன் தூணுல வந்து மோதி விழுந்தான். விழுந்தவன் சொன்னான்: "நடுவுல ஒருத்தன் நிக்கிறான். உங்க கேப்டன். பாதை தப்பிப் போறவனைப் பிடிச்சுப் பிடிச்சு இந்தப் பக்கம் திருப்பி விடுறான். 'சாட், நிறுத்தாதே'ன்னு கத்திக்கிட்டே இருக்கான்."

நிறுத்தாதே! காத்து பின்பாதியைத் தின்னுட்டு, பேரை மட்டும் கொண்டாந்திருக்கு. அவன் காப்பாத்தச் சொல்லலை. அவனும் இவரை மாதிரியே வேர் விட்டு நின்னுக்கிட்டு இருந்திருக்கான். இவருக்குத் தூணு, கயிறு. அவனுக்கு ஒண்ணும் இல்ல.

கொஞ்ச நேரத்துல அந்தக் குரலும் நின்னுபோச்சு.

கொட்டகைக்குள்ள பயிற்சியாளரு ஒவ்வொரு பேராக் கூப்பிட்டுப் பார்த்தாரு. ரெண்டு குழுவும் இருக்கு. பெஞ்சுல உக்காந்திருந்த சனமும் இருக்கு. ஒரு பேருக்கு மட்டும் பதில் இல்ல. பயிற்சியாளரு வெளிய ஓடப் பார்த்தாரு. நீல்சன் குறுக்க நின்னாரு. "நீ போனா ஒன்னையும் சேத்துத் தேடணும்."

சாத்தையா விளிச்சாரு. குரல் கிழிஞ்சுச்சு. விளிச்சாரு. வாயில ரத்தம். விளிச்சாரு. சத்தம் வரலை. வாயி தெறந்திருக்கு, நெஞ்சு ஏறி எறங்குது, வெறுங்காத்துதான் வருது. இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்த அந்தக் குரலு அன்னைக்கு அங்கயே தீந்துபோச்சு.

கொட்டகைக்குள்ள இருந்தவங்களுக்குப் புரிஞ்சுச்சாம். புயல் சத்தத்தைவிட, விளி நின்ன அமைதி பெருசா இருந்துச்சாம்.

யாரு மொதல்ல எந்திரிச்சதுன்னு அந்த ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பயிற்சியாளரும்பாங்க, காதைப் பொத்திக்கிட்ட பொம்பளைம்பாங்க. யாரோ ஒருத்தர் வேலியைப் பிடிச்சுக்கிட்டுத் தூணுக்கிட்ட வந்து, ஒடைஞ்ச குரல்ல, "ஓ… ஓவேய்"ன்னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் வேலி நெடுக. பகைக்காரன் தோளைப் பகைக்காரன் பிடிச்சுக்கிட்டு, அந்த நாக்குக்கு வராத சத்தத்தை, அந்தத் தொண்டைக்குப் பழக்கமில்லாத சத்தத்தை, அம்புட்டுப் பேரும் எடுத்தாங்களாம். நம்ம வறக்காட்டுல பொறந்த விளி அந்தப் பனிக்காட்டுல நூறு வாயில கேட்டுச்சு. யாரும் தூணை விட்டு நகரலை.

ரொம்ப நேரம்.

பெறகு வெள்ளைக்குள்ளருந்து ஒரு கை வந்துச்சாம். மொட்டையா, தனியா, கை மட்டும். தூணைத் தொட்டுச்சு. அதுக்குப் பின்னால முட்டி போட்டபடி ஹாங்க். கட்டுண்டு நிக்கிற சாத்தையா காலைக் கட்டிக்கிட்டு, ஒதடு அசைஞ்சும் அசையாமச் சொன்னானாம்:

"டேய் சாட்… இவனுக என்னைய விடக் கேவலமாக் கத்துறானுகடா."

அன்னைக்கு அந்த மேட்டுல ஒரு உசுரு போகலை. ஹாங்குக்குப் பனியில வெறைச்சுக் கால்விரல் போச்சு, பெறகு அவன் பந்தைத் தொடலை. சாத்தையாவுக்குக் குரல் திரும்பி வரவே இல்ல. படிப்பை முடிச்சு ஊருக்கு வந்து மாட்டாஸ்பத்திரி வேலை பார்த்தாரு. எதைச் சொன்னாலும் காதோரமா வந்து மூச்சாலதான் சொல்லுவாரு. தன் ஆட்டை விளிக்க மாட்டாரு, அவரு வீட்டுக்காரம்மா விளிக்கும், அவரு பக்கத்துல நிப்பாரு. என்னாச்சுன்னு கேட்டா "குளிரு"ம்பாராம். அதுக்கு மேல நம்ம பாதியில ஒண்ணும் இல்ல.

அந்தப் பாதியில இருக்கு.

கொட்டகையை இடிச்சு, மைதானத்தைச் சுத்திப் பெரிய அரங்கம் கட்டினப்ப, அந்தத் தூணைப் பிடுங்க விடலை. வடக்கு வாசல்ல இன்னைக்கும் நிக்குது, இடுப்பு ஒசரத்துக்கு, கறுத்துப்போயி. ஆட்டத்தன்னைக்கு அறுபதினாயிரம் பேரு உக்காந்திருப்பாங்க. மேளம் நிக்கும். கூச்சல் நிக்கும். பாப்கார்ன் விக்கிறவன்கூட நின்னுருவான். ஒரே ஒரு மாணவன், இல்லன்னா மாணவி, தூணுக்கிட்ட போயி நிப்பாங்க. இடுப்புல ஒரு கயிறு, அந்தக் கயிறு தூணுல. விளிப்பாங்க. மொதல்ல எதிர்க் குழு வெளிய வரும், பெறகு தங்களோட குழு வரும். ரெண்டு குழுவுக்கும் ஒரே விளிதான். கேப்டன் மட்டும் வரமாட்டான். அப்ப அறுபதினாயிரமும் எந்திரிச்சு அந்தச் சத்தத்தை எடுக்கும். கேக்குற ஒடம்பு தாங்காது. அதுக்குள்ள அவன் ஒத்தையில நடந்து வந்து தூணைத் தொடணும். தொட்டாத்தான் விளி நிக்கும். நின்னாத்தான் ஆட்டம்.

ஒரு வருசம் கேப்டன் பயிற்சியில தொடை எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடந்தான். வேற ஒருத்தனைத் தொடச் சொல்லுங்க, நேரமாகுதுன்னு தொலைக்காட்சிக்காரங்க கத்தினாங்களாம். கூட்டம் காதுல வாங்கலை. உக்காரவும் இல்ல, நிறுத்தவும் இல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலோட அவனை வண்டியில ஏத்தி, ஊரு நடுவுல தெருத் தெருவாக் கொண்டாந்து, வடக்கு வாசல் வழியா உருட்டிட்டு வந்து, அவன் கையைத் தூக்கித் தூணு மேல வைக்கிற வரைக்கும் அறுபதினாயிரம் பேரும் விளிச்சுக்கிட்டே நின்னாங்களாம்.