தங்கைக்குக் கட்டிய புத்தகம்

மைதாப் பசை காய்ச்சும்போது கிளறுவதை நிறுத்தக் கூடாது, சார். நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். என் தங்கைக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்; உங்களுக்குத் தூரிகை தெரியும், பசை தெரியாது. அதனால்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

அவள் வரைவதற்கு ஒரு புத்தகம் கட்டிக்கொடுத்தேன். வீட்டில் கிடந்ததை வைத்துத்தான். அட்டைக்குச் செருப்பு வாங்கிய பெட்டி, மேலே ஒட்ட என் பழைய சட்டைத் துணி, தைக்க மெழுகு தடவிய பித்தான் நூல். தாள் மட்டும் தடிமனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்ணம் பட்டதும் சுருங்கிக்கொள்ளும். அதற்கு இரண்டிரண்டு தாள்களாகச் சேர்த்து ஒட்டி, காய்ந்த பிறகு மடித்துத் தைக்க வேண்டும்.

எனக்கும் நன்றாகவே வரைய வரும். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அப்பா படுத்த படுக்கையானபோது ஒருத்திக்குத்தான் படிப்பு என்றானது. "நீ விட்டுக்குடுக்கா, நான் முடிச்சதும் உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் அப்பாவின் படுக்கைப்புண்ணைத் துடைத்தேன், அவள் உங்கள் வகுப்புக்கு வந்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை. கொடுத்த வாக்கு இருந்ததே.

அவள் படிப்பு முடிந்தது, அப்பாவும் போய்ச் சேர்ந்தார். ஒருநாள் சாப்பிடும்போது, மேல்படிப்புக்கு வெளிநாடு போவதாகச் சொன்னாள். தேர்வுக் குழுவிடம் ஓவியங்களைக் காட்டுவதுதான் பாக்கியாம். "அப்போ நான்?" என்றேன்.

"நீ இன்னுமா அதை நெனச்சுக்கிட்டிருக்க?" என்று சிரித்தாள். "இந்த வயசுல போய் யார்கூட உக்காந்து படிப்ப?"

அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நான் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். அதன் பிறகுதான் ஓவியங்களையெல்லாம், பத்திரமாக இருக்கட்டும் என்று அவள் என்னிடம் கொடுத்தாள்.

அவை காணாமல் போனதும் வீடே தலைகீழானது. பரண்மேல் ஏறித் தேடியவள் நான்தான். "போதும் இறங்குக்கா, தூசி உனக்கு ஒத்துக்காது" என்று அவளே அழுதுகொண்டு சொன்னாள். குழுவின் முன்னால் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டாமே என்று நான் கட்டிய புத்தகத்தை அவள் பையில் வைத்தேன். குழுவினர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்களாம். எல்லாம் வெள்ளை. "படம் ஒண்ணுமில்ல, ஆனா கட்டு பிரமாதம், யார் செஞ்சது?" என்றார்களாம். சார், என் கைவேலையை வெளியாள் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

நேற்று அவளைப் பார்க்க வந்தபோது, ஒரு தாளின் ஓரத்தை நகத்தால் பிரித்தீர்கள். உள்ளே தெரிந்த நீலம் அவள் வரைந்த கடல்தான். படங்கள் உள்பக்கம் போகும்படி ஜோடி ஜோடியாக ஒட்டியது நான். பசை நீர்த்திருந்தால் நிறம் பின்பக்கம் கசிந்திருக்கும். அதனால் கெட்டியாகக் காய்ச்சினேன். இனிப் பிரித்தால் இரண்டும் பாழாகும், விட்டுவிடுங்கள்.

ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. அத்தனையையும் அவளிடமே கொடுத்தேன். அவளே கொண்டுபோய்க் காட்டினாள். இடம் கிடைக்காமல் திரும்பியவள் என் மடியில்தான் விழுந்து அழுதாள். இப்போது அந்தப் புத்தகத்தில்தான் புதிதாக வரைகிறாள். அவளிடம் சொல்லிவிடாதீர்கள், சார், தாங்க மாட்டாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?