சூடாகும் மோட்டாரும் நேற்றைய மீன் குழம்பும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

எழுபதுகளின் இறுதியில் ஒரு காலை, குன்றத்தூரிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் பேருந்தில் நான் செவியுற்றதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுகிறேன். என் முன்னிருக்கையில் ஒரே தொழிற்சாலையைச் சேர்ந்த இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் இயந்திரம் பழுது பார்க்கும் ஃபிட்டர். மற்றவர் மடியில் தூக்குச்சட்டியை அணைத்திருந்தார்.

“அண்ணே, அந்த மோட்டாரை மட்டும் ரிப்பேர் பண்ணிடாதண்ணே.”

“இன்னாடா பேசற? தொட்டா கை வெந்துடுதாம். சூப்பர்வைசரே கம்ப்ளெயின்ட் எழுதிக் குடுத்துகிறாரு.”

“அது சூடாவறதாலதான் லைன்ல பத்து பேரு சுடச்சுட துன்றோம். இது நேத்து வெச்ச மீன் கொழம்புண்ணே. அது மேல அரை மணி நேரம் வெச்சா எண்ணெ பிரிஞ்சு நிக்கும். உன் வூட்டுல கூட அப்படி வராது.”

“என் வூட்ட ஏன்டா இழுக்கற? மோட்டார் எரிஞ்சா என் வேலை பூடும்.”

“என் கொழம்பு பூடுமே!”

அவர்களுக்கு முன்னால் இருந்த பெரியவர் மெல்லத் திரும்பினார். இருவரும் பதறி எழுந்ததால், அவரே அந்தச் சூப்பர்வைசர் என அறிந்தேன்.

“கம்ப்ளெயின்ட்டைப் படிச்சியாய்யா?”

“இல்ல சார். மோட்டாரைப் பாக்கச் சொன்னாங்க.”

“நாலு நாளா சூடு பத்தலைன்னு எழுதியிருக்கேன். நேத்து என் வத்தக்குழம்பு நடுவுல சில்லுனு இருந்துச்சு. சாப்பாட்டு மணிக்குள்ள பழையபடி ஆக்கிடு.”

ஃபிட்டர், “சரி சார்” என்றார்.

இக்குறிப்பைத் தங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக வைத்திருக்குமாறு வேண்டுகிறேன்.