கணவர் பெயரில் வைத்த நான்கு கையெழுத்து

யாழ்ப்பாணப் பொலிஸ் நிலையத்தில் 1943ஆம் ஆண்டு கார்த்திகை 17ஆம் திகதி காலை பத்தரை மணிக்கு, இன்ஸ்பெக்டர் முன்னிலையில் பதியப்பட்டது.

பெயர்: தியாகராசா மனைவி பாலேஸ்வரி. வயது: முப்பத்துநான்கு. விலாசம்: கொக்குவில் கிழக்கு. தொழில்: இரண்டு பசு வைத்துப் பால் விற்றல்.

நான் மேற்படி விலாசத்தில் என் ஒன்பது வயது மகள் ஞானாம்பிகையுடன் இருக்கிறேன். என் கணவர் மலாயாவில் ஈப்போவில் றெயில்வே கிளாக்கர். அவர் 1938இல் லீவில் வந்தபோது நாங்கள் இருவரும் பட்டினத்துப் பாங்குக்குப் போய், நான் பால் விற்றுச் சேர்த்த முந்நூற்று இருபது ரூபாயை என் பெயரில் போட்டோம். கலியாணம் செய்த பெண் காசை எடுப்பதென்றால் புருஷனின் கையெழுத்தும் வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார்கள். போடுவதற்கு ஒருவருடைய கையெழுத்தும் கேட்கவில்லை. ஆகையால் அவர் கப்பலேறும் முன், காசு எடுக்கும் கடதாசிகள் பன்னிரண்டில் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டுப் போனார். அவற்றில் பதினொன்றை இடையிடையே கொடுத்துக் காசு எடுத்தேன்.

1942 மாசியில் மலாயா முழுவதும் யப்பான்காரர் கைக்குப் போனது. அதன் பின் கடிதமும் இல்லை, அவர் அனுப்பும் மாதக் காசும் இல்லை. அந்த வருசமே ஆனி மாதம் மகளுக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடத்தினேன். மருந்துக்கும் பழரசத்துக்கும் காசு முடிந்ததும் பன்னிரண்டாவது கடதாசியைக் கொண்டு பாங்குக்குப் போனேன். கிளாக்கர் கிறிஸ்துநாயகம் அதில் ஒரு மூலையில் மை சிந்தியிருக்கிறது என்று திருப்பித் தந்தார். மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று சொன்னேன். பிறகு வரச் சொன்னார். மூன்று நாள் தொடர்ந்து போனேன். நான் சுவரோர வாங்குப் பலகையில் இருக்க, எனக்குப் பின் வந்த பெரிய மனிதர்கள் காசை எண்ணிக்கொண்டு போனார்கள்.

மூன்றாம் நாள் கிளாக்கர் சொன்னது: "அம்மா, மை சிந்தினது செல்லாது, மனிசன்ரை புதுக் கையெழுத்து இல்லாமல் குடுக்கேலாது. அவர் செத்துப்போனார் எண்டு சமாதான நீதவானிட்டை ஒரு சத்தியக்கடதாசி முடிச்சுக்கொண்டு வாங்கோ. நாளைக்கே தரலாம்."

சொல்லிவிட்டு மாதிரிக்கு ஒரு கடதாசியும் நீட்டினார். அதில் 'விதவை' என்று முன்பே அச்சடித்திருந்தது, பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தது. என் நெற்றியில் குங்குமம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டுதான் அந்த மனிதர் நீட்டினார். என் கணவர் உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ என்று கடவுளுக்குத்தான் தெரியும். பாங்குக்காரருக்காக அவரைச் சாகடிக்க நான் ஆயத்தமில்லை.

அன்றே பாங்கில் காசு எடுக்கும் வெறும் கடதாசி ஒன்று வாங்கி வீட்டுக்குப் போய், மை சிந்திய கடதாசியைச் சன்னல் கண்ணாடியில் வைத்து, அதன் மேல் இதை வைத்து, வெளிச்சத்தில் தெரிந்த அவருடைய கையெழுத்தின் மேலேயே எழுதினேன். மறுநாள் கொண்டுபோனேன். கையெழுத்து எப்படிக் கிடைத்தது என்று கிளாக்கர் கேட்டதற்கு, அவர் இந்தியா வழியாக வந்துவிட்டார், காய்ச்சலாகப் படுத்திருக்கிறார் என்று பொய் சொன்னேன். அறுபது ரூபாய் தந்தார். மகள் தப்பினாள். அதன் பின் இன்னும் மூன்று முறை அப்படியே எடுத்தேன். கடைசி முறை கிளாக்கர், "ஐயாவைச் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ" என்றார். "ஓம், சொல்லுறன்" என்று வந்தேன். எடுத்தது முழுவதும் என் காசு.

முந்தாநாள் திங்கட்கிழமை தபாற்காரர் செஞ்சிலுவைச் சங்கத்தின் அட்டை ஒன்று தந்தார். ஆங்கிலத்தில் மூன்று வரி. எனக்கு ஆங்கிலம் தெரியாது. கீழே இருந்த கையெழுத்தைத் தெரியும். அதை நான்கு முறை எழுதிப் பார்த்தவள் நான். பசுவுக்குத் தண்ணீர் வைக்காமல், றெயிலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், நடந்தே பட்டினம் போனேன். கிளாக்கருக்கு ஆங்கிலம் தெரியும், வாசித்துச் சொல்வார் என்பது ஒன்று. அந்த மனிதரின் முகத்துக்கு நேரே அதைக் காட்ட வேண்டும் என்ற ஆத்திரம்தான் பெரிது. போனதும் மேசையில் அட்டையை அடித்து, "ஆரைச் செத்தவர் எண்டு எழுதச் சொன்னனீங்கள்? வடிவாப் பாருங்கோ!" என்று எல்லாரும் கேட்கக் கத்தினேன்.

அவர் தனக்குள் மெதுவாக வாசித்துவிட்டுக் கேட்டார்: "இது இந்த வருசம் மாசியிலை மலாயாவிலையிருந்து எழுதினது. அப்ப போன வருசம் தொடங்கி உங்கடை வீட்டிலை காய்ச்சலாய்க் கிடக்கிறவர் ஆர்?"

உண்மையைச் சொன்னால், நடந்து போன வழியில் இது எனக்கு ஒரு தரமும் நினைவுக்கு வரவில்லை. மனேச்சர் வந்து அட்டையை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பொலிசுக்கு ஆள் அனுப்பினார். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை.

நான்கு கையெழுத்தும் நான் வைத்தவை. ஒருவரும் சொல்லித் தரவில்லை. என்னை மறியல் வீட்டில் அடைப்பதென்றால் அடையுங்கள். அட்டை இப்போது இன்ஸ்பெக்டர் ஐயாவின் மேசையில் இருக்கிறது. அதை எனக்கு வாசித்துச் சொன்னால்தான் இதில் கையெழுத்து வைப்பேன்.

ஒருவரும் வெருட்டாமலும் ஆசை காட்டாமலும் நானே சொன்னேன். எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நடந்தது இவ்வளவுதான்.

குறிப்பு: அட்டையிலுள்ள மூன்று வரிகளும் இவருக்குத் தமிழில் சொல்லப்பட்டன: 'நான் சுகம். ஞானா இப்போது என்ன உயரம்? கவலைப்படாதே.' இன்னொரு முறை சொல்லும்படி கேட்டார். சொல்லப்பட்டது. அதன் பின் ஒப்பமிட்டார்.

(ஒப்பம்) தி. பாலேஸ்வரி